நோர்ட்லிங்கன்: தன்னைத்தானே ஆண்ட ஒரு சின்ன ஊர்

ஜெர்மனியில் சட்டப்படி 'நகரம்' என்ற தகுதி பெற்ற ஊர்கள் 2,000-க்கும் மேல் இருக்கின்றன. பெர்லின், ஹாம்பர்க், மியூனிக் என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் அதில் ஒரு கைப்பிடி அளவுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை சில ஆயிரம் பேர், மிஞ்சிப்போனால் இருபது முப்பதாயிரம் பேர் வாழும் சின்ன ஊர்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு மன்றம், ஒரு வரவு செலவுத் திட்டம் எல்லாம் உண்டு. பல ஊர்களில் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த ஆவணக் காப்பகமும் இருக்கும். ஜெர்மனியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தலைநகரைவிட இந்தச் சின்ன ஊர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நாடு ஒரே நாடாக ஆனது 1871-ல்தான். அதற்கு முன்பு அங்கே இருந்தவை நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஆட்சிகள். அவற்றில் சில, வெறும் ஓர் ஊரும் அதைச் சுற்றிய நிலமும் மட்டுமே.

அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று நோர்ட்லிங்கன். பவேரியா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், சுவாபியப் பகுதியில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 20,000. மேலேயிருந்து எடுத்த படங்களில் சிவப்பு ஓட்டுக் கூரைகள் நெருக்கமாக நிற்க, சுற்றிலும் கச்சிதமான ஒரு வட்ட மதில் தெரியும். அந்தப் படத்துக்காகவே இந்த ஊர் உலகெங்கும் பகிரப்படுகிறது. எனக்கு அந்த அழகைவிட முக்கியமாகப் படுவது வேறு. 1215 முதல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஏறக்குறைய 600 ஆண்டுகள், இந்த ஊர் பேரரசரைத் தவிர (அன்று ஜெர்மன் ஆட்சிகளுக்கெல்லாம் மேலே இருந்த புனித ரோமப் பேரரசின் தலைவர் அவர்) வேறு எவருக்கும் கட்டுப்படாமல் தன்னைத்தானே ஆண்டது. அது செழித்தது, கொலை செய்தது, தோற்றது, பிழைத்தது எல்லாமே அந்தத் தன்னாட்சியோடு பின்னிக் கிடக்கிறது.

விண்கல் விழுந்த நிலம்

வரலாற்றுக்குப் போகும் முன் நிலத்தைப் பார்த்துவிடலாம். நோர்ட்லிங்கன் இருப்பது 'ரீஸ்' எனப்படும் வட்டமான ஒரு சமவெளியில். மேற்கே சுவாபிய ஆல்ப் மலைத்தொடர், கிழக்கே பிராங்கோனிய ஆல்ப். இரண்டுக்கும் நடுவே, யாரோ மலையைத் தோண்டி எடுத்துவிட்டதுபோல், சுமார் 25 கி.மீ. விட்டமுள்ள ஒரு பள்ளம். அதன் தரை சமமாக, வளமாக, மரமில்லாமல் விரிந்து கிடக்கிறது. விளிம்பு அதைவிட நூறு மீட்டருக்கும் மேல் உயரம்.

இதை எரிமலையின் வாய் என்றுதான் அறிஞர்கள் நீண்ட காலம் நினைத்தார்கள். காரணம் இருந்தது. இங்கே கிடைக்கும் சுவேவைட் என்ற சாம்பல் நிறக் கல், எரிமலைச் சாம்பல் இறுகி உண்டாகும் கல்லைப்போலவே இருக்கும். உள்ளே உருகிய கண்ணாடித் துணுக்குகளும் காணப்படும். விண்கல்லாக இருக்கலாம் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓரிருவர் சொன்னார்கள். பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை. 1960-ல் அமெரிக்கப் புவியியலாளர் யூஜின் ஷூமேக்கர் இங்கே வந்து, ஓட்டிங் என்ற ஊரின் கல்குவாரியிலிருந்து கல் எடுத்தார். அதை ஆராய்ந்த எட்வர்ட் சாவ் அதில் கோசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கோசைட் என்பது மிகக் கடுமையான அழுத்தத்தில் மட்டும் உருவாகும் ஒரு வகைக் குவார்ட்ஸ். எரிமலை வெடிப்பில் அந்த அளவு அழுத்தம் பிறக்காது. விவாதம் அதோடு முடிந்தது.

நடந்தது இதுதான். ஏறக்குறைய 1 கோடியே 48 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஒரு கிலோமீட்டருக்கும் அதிக விட்டமுள்ள ஒரு சிறுகோள் இங்கே மோதியது. வேகம் நொடிக்கு 20 கி.மீ. அளவில் இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். மோதிய வேகத்தில் தெறித்து உருகிய மணல் காற்றிலேயே இறுகி, பச்சைக் கண்ணாடித் துண்டுகளாக இன்றைய செக் நாட்டில் போய் விழுந்தது. நகை செய்யப் பயன்படும் 'மோல்டவைட்' கற்கள் அவைதான். இங்கேயே நிலத்தடியில் இருந்த கிராஃபைட், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வைரமாக மாறியது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன வைரங்கள். சந்தை மதிப்பு எதுவும் கிடையாது. வட்டாரம் முழுக்க சுமார் 72,000 டன் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது.

அப்புறம் அந்தப் பள்ளத்தில் நீர் நிரம்பி ஏரியானது. உப்பேறிய அந்த ஏரி ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டுகள் நீடித்தது என்கிறார்கள். பாசிகள் படிந்து உண்டான சுண்ணாம்புப் பாறைகள் இன்றும் அங்கங்கே குன்றுகளாக நிற்கின்றன. பக்கத்து ஊரான வாலர்ஸ்டைனில் ஒரு பிரபுக் குடும்பம் கோட்டை கட்டியது அப்படிப்பட்ட ஒரு பாறைமேல்தான். இந்தக் குடும்பத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்கள். பனியுகக் காலத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண் பள்ளத்தின் மேல் படிந்ததால் ரீஸ் நல்ல தானிய பூமியானது. மனிதர்கள் இங்கே வெகு காலமாகவே இருக்கிறார்கள். ஊருக்குத் தெற்கே ஓஃப்னெட் குகைகளில் 1908-ல் 30-க்கும் மேற்பட்ட மண்டை ஓடுகள் இரண்டு குழிகளில் அடுக்கி வைத்தபடி கிடைத்தன. உழவுத் தொழில் இந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் வாழ்ந்த வேட்டைச் சமூகத்தின் மண்டை ஓடுகள் அவை.

1970 ஆகஸ்டில் அப்பல்லோ 14 பயணத்துக்குத் தேர்வான ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் இங்கே வந்து பயிற்சி எடுத்தார்கள். நிலவில் கிடக்கும் கற்கள் பெரும்பாலும் மோதலில் பிறந்தவை. அவற்றைப் பார்த்தவுடன் இனம்காணப் பழக இதைவிடத் தோதான இடம் பக்கத்தில் எங்கும் இல்லை. 1973-ல் 1,206 மீட்டர் ஆழத்துக்கு ஓர் ஆய்வுத் துளை போட்டார்கள். ஊருக்குள் 1990-ல் ரீஸ் பள்ள அருங்காட்சியகம் திறந்தது. அப்பல்லோ 16 கொண்டுவந்த நிலாக்கல் ஒன்று அங்கே இருக்கிறது. 2022-ல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலகப் புவிப்பூங்காவாக ஏற்றது.

இதையெல்லாம் ஊர்மக்கள் அறியாத காலத்திலேயே அந்தச் சுவேவைட் கல்லை வெட்டியெடுத்துக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். ஊரின் நடுவில் நிற்கும் புனித ஜார்ஜ் தேவாலயம் 1427-ல் தொடங்கி 1505-ல் முடிந்தது. அதன் கோபுரத்துக்கு 'டேனியல்' என்று பெயர். கிட்டத்தட்ட 90 மீட்டர் உயரம். தேவாலயம், கோபுரம் எல்லாமே சுவேவைட். ஆனால் இந்தக் கல் மழைக்கும் பனிக்கும் எளிதில் உதிரும். அதனால் ஒரு தலைமுறை கட்டிய கோபுரத்தை அடுத்தடுத்த தலைமுறைகள் கல் கல்லாக மாற்றிப் பராமரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பேரரசரின் ஊர்

ஊரின் பெயர் முதலில் எழுத்தில் வருவது 898-ல். அப்போது அது ரேகன்ஸ்பர்க் ஆயரின் கைக்குப் போன ஒரு பண்ணை. 1215-ல், பின்னாளில் பேரரசரான இரண்டாம் பிரெடரிக் அதை ஆயரிடமிருந்து பெற்றுக்கொண்டார். அதிலிருந்து நோர்ட்லிங்கன் 'பேரரசு நகரம்'. உள்ளூர்ப் பிரபு எவருக்கும் வரி கட்ட வேண்டாம், எவருடைய நீதிமன்றத்துக்கும் போய் நிற்க வேண்டாம். காலப்போக்கில் தன் சொந்த மன்றம், சொந்தச் சட்டம், சொந்தப் படை, கடைசியில் மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் வரை எல்லாம் அதற்கு வந்து சேர்ந்தது.

இந்தச் சுதந்திரத்துக்குப் பணம் வந்தது சந்தையிலிருந்து. பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி நடந்த நோர்ட்லிங்கன் சந்தையைப் பற்றிய முதல் ஆவணம் 1219-ஐச் சேர்ந்தது. நியூரம்பர்க், ஆக்ஸ்பர்க், உல்ம் ஆகிய பெரிய வணிக நகரங்களுக்கு நடுவில் ஊர் இருந்தது பெரிய வசதி. துணியும் தோலும் கம்பளியும் வந்து குவிந்தன. தெற்கு ஜெர்மனியின் பெரிய சந்தைகளில் அது ஒன்றாக வளர்ந்தது. கூட்டத்தை ஈர்க்கக் குதிரைப் பந்தயமும் நடத்தினார்கள். 1438 முதல் அதில் முதல் பரிசு சிவப்புத் துணி. சந்தை இன்றும் ஆண்டுதோறும் ஜூன் வாக்கில் நடக்கிறது. பத்து நாள் ஊர் அமளிதுமளிப்படும்.

ஊர் பெருகப் பெருகப் பழைய மதிலுக்குள் இடம் போதவில்லை. 1327-ல், அடுத்த ஆண்டு பேரரசராக முடிசூடிய லுட்விக் புதிய மதில் கட்ட ஆணையிட்டார். இன்று நாம் பார்ப்பது அந்த மதில்தான். சுற்றளவு சுமார் 2.7 கி.மீ.; ஐந்து வாயில்கள். போருக்கும் சண்டைக்கும் அஞ்சித்தான் கட்டினார்கள் என்றாலும் மதிலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வாயிலில் சுங்கம் வாங்கலாம், யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்க்கலாம், இரவில் பூட்டலாம். ஊர் எங்கே முடிகிறது, அதன் சட்டம் எங்கே முடிகிறது என்பதை அந்தக் கல்வரிசை எல்லோருக்கும் தெளிவாகக் காட்டியது.

வெளியே இருந்தவர்கள் ஓட்டிங்கன் பிரபுக்கள். வாலர்ஸ்டைன் பாறைமேல் கோட்டை வைத்திருந்தது அவர்களில் ஒரு கிளைதான். மதிலுக்கு வெளியே கொஞ்ச தூரம் நடந்தாலே அவர்கள் நிலம் வந்துவிடும். ஊரைத் தங்கள் கைக்குள் கொண்டுவர அவர்களுக்கு ஆசை இருந்ததில் வியப்பில்லை. 1440-ல் காவலர்களுக்குப் பணம் கொடுத்து ஒரு வாயிலை இரவில் தாழிடாமல் வைக்கச் செய்தார்கள் என்பது ஊரின் புகழ்பெற்ற கதை. தப்பித் திரிந்த ஒரு பன்றி கதவில் முதுகைத் தேய்க்க, கதவு திறந்துகொள்ள, அவ்வழியே போன ஒரு பெண் அதைப் பார்த்துக் கத்தி ஊரைக் காப்பாற்றினாள் என்பார்கள். பன்றி கதையாகவே இருக்கட்டும். காவலர்களைச் சந்தேகித்தபடியே வாழ்ந்த ஓர் ஊரின் மனநிலை அதில் இருக்கிறது. டேனியல் கோபுரத்தின் காவலர் இன்றும் இரவு பத்து மணி முதல் நள்ளிரவு வரை அரை மணிக்கு ஒருமுறை மேலேயிருந்து "சோ, க்ஸெல், சோ!" என்று குரல் கொடுக்கிறார். கீழே வாயில்களில் இருந்த காவலர்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்க்கும் பழைய குரல் அது.

யாருடைய ஆட்சி?

தன்னாட்சி என்றவுடன் எல்லோரும் சேர்ந்து ஆண்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 14-ஆம் நூற்றாண்டில் நெசவாளர், தோல் பதனிடுவோர் போன்ற கைவினைஞர்களின் சங்கங்கள் போராடி மன்றத்தில் இடம் பெற்றன. 1552-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், தென்ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் செய்ததுபோலவே, இங்கும் சங்கங்களின் பங்கைப் பறித்து அதிகாரத்தைச் சில வசதியான குடும்பங்களிடம் ஒப்படைத்தார். அவருக்கு நோர்ட்லிங்கன்மீது கோபம் இருந்தது. அவர் கத்தோலிக்கர்; இதுவோ கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் புராட்டஸ்டண்ட் மதத்துக்கு வழிவகுத்த மார்ட்டின் லூதரின் பக்கம் 1520-களிலேயே சாய்ந்த ஊர். 1529-ல் ஸ்பையர் நகரில் பேரரசின் முடிவை எதிர்த்துக் கையெழுத்திட்ட 14 நகரங்களில் நோர்ட்லிங்கனும் ஒன்று.

மதிலுக்குள் இருந்த எல்லோரும் ஊர்க் குடிமக்களும் அல்லர். குடியுரிமைக்குச் சொத்து வேண்டும், கட்டணம் வேண்டும். வேலைக்காரர்கள், நாள்கூலிகள், பயிற்சித் தொழிலாளர்கள் அங்கேயே காலம் முழுக்க வாழ்ந்தாலும் உரிமையில்லாதவர்களாகவே இருந்தார்கள். யூதர்களின் கதை இன்னும் கொடுமை. 1384-ல் ஊர்க்காரர்கள் தங்கள் அண்டை வீட்டு யூதர்களைத் தாக்கி ஏறக்குறைய 200 பேரைக் கொன்றார்கள். அப்புறம் திரும்பி வந்து குடியேறியவர்களையும் 1507-ல் மன்றம் மொத்தமாக வெளியேற்றியது. அதன் பிறகு மூன்றரை நூற்றாண்டுகள் யூதர்கள் சுற்றியிருந்த பிரபுக்களின் கிராமங்களில் வாழ்ந்தபடி, சந்தைக்கு மட்டும் கட்டணம் செலுத்தி உள்ளே வந்து போனார்கள்.

தன் கையில் வாள் வைத்திருந்த சின்ன ஊர் என்ன செய்யும் என்பதற்கு 1589 முதல் 1598 வரையிலான ஆண்டுகளைவிட வேறு சான்று வேண்டாம். சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி மன்றம் 34 பெண்களையும் ஓர் ஆணையும் கொன்றது. வெளியிலிருந்து எவரும் வற்புறுத்தவில்லை. விசாரித்தவர்கள், சித்திரவதைக்கு ஆணையிட்டவர்கள், தீர்ப்பெழுதியவர்கள் எல்லோரும் அதே ஊரின் மேயரும் மன்ற உறுப்பினர்களும் வழக்கறிஞர்களும்தான். தொடக்கத்தில் பிடிபட்டவர்கள் ஏழைகள். சித்திரவதையில் ஒருவர் இன்னொருவர் பெயரைச் சொல்லச் சொல்ல, விரைவில் மன்றத்துக்கு நெருங்கிய குடும்பங்களின் பெண்களும் பிடிபட்டார்கள். ரெபெக்கா லெம்ப் என்பவர் நகரக் கணக்கரின் மனைவி, பல பிள்ளைகளின் தாய். கணவர் வெளியூர் போயிருந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறையிலிருந்து அவர் கணவருக்கு எழுதிய கடிதங்கள் மன்றத்தார் கையில் சிக்கின. தான் குற்றமற்றவள், வலி தாங்காமல்தான் ஒத்துக்கொண்டேன் என்று அதில் எழுதியிருந்தார். படித்த பின்னும் 1590-ல் அவரைக் கொன்றார்கள்.

மரியா ஹோல் ஒரு விடுதிக்காரரின் மனைவி. உல்ம் நகரத்துப் பெண். 1593-ல் அவரைக் கைது செய்து 62 முறை சித்திரவதை செய்தார்கள். அவர் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. தன்மீதான குற்றத்தையும் ஏற்கவில்லை. உல்ம் நகர மன்றம் அவருக்காகத் தலையிட்டது. ஒப்புதல் வாக்குமூலம் இல்லாமல் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை; 1594 அக்டோபரில் அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. ஒரு பெண்ணின் உறுதி அந்த இயந்திரத்தையே தடுமாற வைத்தது. ஊருக்குள்ளும் எதிர்ப்புக் குரல்கள் எழ, கொஞ்ச காலத்தில் வழக்குகள் ஓய்ந்தன. வைன்மார்க்ட் சதுக்கத்தில் இன்று அவர் பெயரில் ஒரு நீரூற்று இருக்கிறது. மதிலின் புகைப்படத்துக்காக வருகிறவர்கள் அங்கேயும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தோல்வி காப்பாற்றிய மதில்

கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்ட்களும் மோதிய முப்பதாண்டுப் போரின் (1618–1648) நடுவில், 1634 கோடையில், பேரரசின் கத்தோலிக்கப் படை நோர்ட்லிங்கனை முற்றுகையிட்டது. ஊருக்குள் புராட்டஸ்டண்ட் தரப்பில் போரிட்ட ஸ்வீடனின் காவல்படை இருந்தது. பஞ்சமும் கொள்ளைநோயும் உள்ளே ஆளைக் கொன்றுகொண்டிருந்தபோதும், ஸ்வீடன் படை வந்து மீட்கும் என்று மன்றம் காத்திருந்தது. படை வந்தது. செப்டம்பர் 6-ஆம் தேதி ஊருக்குத் தெற்கே ஆல்பூக் குன்றுப் பக்கம் நடந்த போரில், தளபதி குஸ்தாவ் ஹோர்னும் வைமார் பெர்ன்ஹார்டும் நடத்தி வந்த புராட்டஸ்டண்ட் படை நொறுங்கியது. ஹோர்ன் சிறைப்பட்டார். ஸ்வீடன் தென்ஜெர்மனியை இழந்தது; அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் 1635-ல் பிரான்ஸ் நேரடியாகப் போரில் குதித்தது. பள்ளிப் பாடங்களில் நோர்ட்லிங்கன் என்ற பெயர் வருவது இதற்காகத்தான்.

ஊருக்கோ அது முதுகெலும்பு முறிந்த ஆண்டு. சரணடைந்த நகரம் பெரும் தொகையை அபராதமாகச் செலுத்த நேர்ந்தது. அப்புறம் தங்க வந்த படைகளுக்கெல்லாம் மாறி மாறித் தீனி போட வேண்டியிருந்தது. 1645-ல் பக்கத்தில் அலெர்ஹைமில் இன்னொரு பெரிய போர், 1647-ல் ஊர்மீதே பீரங்கித் தாக்குதல். மக்கள்தொகை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. வணிகப் பாதைகளும் காலப்போக்கில் மாறின. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஊர் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை.

இன்றைய அழகுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. வளர்ந்த நகரங்கள் 19-ஆம் நூற்றாண்டில் தங்கள் மதில்களை இடித்து அகன்ற சாலைகள் போட்டன. நோர்ட்லிங்கனுக்கு மதிலைத் தாண்டிப் போகவே தேவை எழவில்லை. உள்ளேயே இடம் மீந்தது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டவும் பணமில்லை. 1803-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெப்போலியன் காலத்து மறுசீரமைப்பில் பேரரசு நகரம் என்ற தகுதி பறிபோய், ஊர் பவேரியாவோடு சேர்க்கப்பட்டது. பயனில்லாத மதிலின் பகுதிகளை இடிக்கத் தொடங்கியபோது தடுத்ததும் அதே பவேரியாதான். அரசர் முதலாம் லுட்விக் பழைய கட்டடங்கள்மேல் பற்று கொண்டவர். 1826-ல் இடிப்புக்குத் தடை விதித்தார். ஊர் தன் கையில் அதிகாரம் இருந்தபோது கட்டிய மதில், அதிகாரத்தை இழந்ததால் நிலைத்தது. ஜெர்மனியில் முழுச் சுற்றையும் கூரையுள்ள நடைபாதையில் நடந்து வரக்கூடிய மதில் இது ஒன்றுதான் என்கிறார்கள்.

1849-ல் ரயில் வந்தது. ஆனால் அது ஊரைப் பெரிய தொழில் நகரமாக மாற்றவில்லை. இங்கே 1763-ல் தொடங்கிய பெக் பதிப்பகம், இன்று ஜெர்மனியின் முன்னணிச் சட்டப் பதிப்பகங்களில் ஒன்று, 1889-ல் மியூனிக்குக்குக் குடிபெயர்ந்தது. அச்சகம் மட்டும் இங்கேயே தங்கியது. 1860-ல் யூதர்கள் மீண்டும் குடியேற அனுமதி கிடைத்து, ஒரு தொழுகைக்கூடமும் எழுந்தது. நாஜி ஆட்சியில், 1938 நவம்பரில், அது தாக்குதலுக்கு உள்ளானது. தப்பிப் போகாமல் எஞ்சியிருந்தவர்களை 1942-ல் நாடுகடத்திக் கொன்றார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் குண்டுகள் விழுந்தாலும் பழைய ஊரின் பெரும்பகுதி தப்பியது.

இன்றைய ஊராட்சி

ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, உள்ளூர் விவகாரங்களைத் தம் பொறுப்பில் நடத்தும் உரிமையை ஊர்களுக்கு உறுதி செய்கிறது. குடிநீர், குழந்தைகள் காப்பகம், பள்ளிக் கட்டடம், நூலகம், தீயணைப்பு, எந்த வயலில் வீடு கட்டலாம், எதில் கூடாது என்பதெல்லாம் நகரமன்றத்தின் கையில். சொத்து வரியையும், தொழில் நிறுவனங்கள் கட்டும் வரியையும் எந்த விகிதத்தில் வாங்குவது என்பதையும் மன்றமே தீர்மானிக்கிறது. வருமான வரியிலும் ஊருக்கு ஒரு பங்கு வருகிறது. இந்த அளவு மக்கள்தொகைக்குப் பவேரியச் சட்டப்படி மன்றத்தில் 30 உறுப்பினர்கள். அவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே பொறுப்பையும் சுமப்பவர்கள். சம்பளம் கிடையாது, ஈட்டுத்தொகை மட்டும்தான். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டு.

வாக்களிக்கும் முறை கொஞ்சம் விளக்கம் கேட்பது. 30 இடங்கள் இருந்தால் வாக்காளருக்கு 30 வாக்குகள். ஒரே வேட்பாளருக்கு மூன்று வாக்குகள்வரை குவிக்கலாம். ஒரு கட்சியின் பட்டியலோடு நிற்காமல் வெவ்வேறு பட்டியல்களிலிருந்தும் ஆள் தேர்ந்தெடுக்கலாம். எல்லாப் பெயர்களும் அச்சாகிவரும் வாக்குச்சீட்டு மேசை விரிப்பு அளவுக்கு இருக்கும். பலர் வீட்டிலேயே உட்கார்ந்து, நிதானமாக நிரப்பி அஞ்சலில் அனுப்பிவிடுகிறார்கள். இதனால் கட்சியின் பட்டியலில் கடைசியில் இருந்த ஒருவர், ஊரில் நல்ல பெயர் இருந்தால், மேலே ஏறி வந்துவிட முடியும். பால் பண்ணைக்காரர், உடற்பயிற்சிக் கழகத் தலைவர், குழந்தை மருத்துவர் என்று ஊருக்குத் தெரிந்த முகங்கள் மன்றத்துக்குப் போவது இப்படித்தான். எந்தக் கட்சியிலும் சேராத வாக்காளர் குழுக்கள் பவேரியாவின் சின்ன ஊர்களில் வலுவாக இருப்பதற்கும் இந்த முறை ஒரு காரணம்.

மன்றம் எடுத்த முடிவு பிடிக்கவில்லையா? 1995-ல் பவேரிய மக்கள் ஒரு மாநில வாக்கெடுப்பின் மூலம் உள்ளூர் வாக்கெடுப்பு உரிமையைத் தாங்களே சட்டமாக்கினார்கள். இந்த அளவு ஊரில் வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள் கையெழுத்திட்டாலே விவகாரத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். பெரும்பான்மை கிடைத்து, அந்தப் பெரும்பான்மை மொத்த வாக்காளர்களில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், அது மன்றத் தீர்மானத்துக்குச் சமம். ஆண்டுக்கு ஒருமுறையாவது மேயர் குடிமக்கள் கூட்டம் நடத்த வேண்டும் என்பதும் சட்டம்.

சட்டத்தில் இல்லாத ஊராட்சியும் ஒன்று இருக்கிறது: சங்கங்கள். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். தீயணைப்புப் படை பெரும்பாலும் தன்னார்வலர்களால் ஆனது. அழைப்பு வந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார்கள். மதிலின் பழைய கொத்தளத்தில் கோடைதோறும் நடக்கும் திறந்தவெளி நாடகத்தை நடத்துவதும் உள்ளூர்ச் சங்கம்தான், நடிப்பது ஊர்க்காரர்கள். மே மாதத்தில் பள்ளிப் பிள்ளைகள் பூ ஏந்தி ஊர்வலம் போகும் 'ஸ்டாபன்' திருவிழாவைப் பற்றி 1406-லேயே குறிப்பு இருக்கிறது. கால்பந்துக் கழகம் 1861-ல் தொடங்கிய உடற்பயிற்சிச் சங்கத்தின் கிளை. 1945-ல் இங்கே பிறந்த கெர்ட் முல்லர் அந்தக் கழகத்தில் ஆடிவிட்டுத்தான் 1964-ல் பேயர்ன் மியூனிக் போனார். பின்னர் ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பண்டஸ்லிகாவில் 365 கோல், 1974 உலகக் கோப்பை இறுதியில் வெற்றி கோல். ஊர் விளையாட்டரங்கம் அவர் பெயரில் இருக்கிறது.

பழைய ஊரைக் காப்பது இப்போது சட்டக் கடமை. 1973-ல் வந்த பவேரிய நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பாதுகாக்கப்பட்ட வீட்டில் ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டும். மர ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஜன்னலைவிடச் செலவு அதிகம். மானியமும் வரிச்சலுகையும் ஓரளவு கைகொடுக்கும். இது வீட்டுக்காரருக்குச் சுமைதான். ஆனாலும் இந்தக் கண்டிப்பு இல்லையென்றால் இரண்டே தலைமுறையில் மதில் மட்டும் நிற்க, உள்ளே வேறு ஊர் இருந்திருக்கும்.

1972-ல் பவேரியா மாவட்ட எல்லைகளைத் திருத்தியபோது, தனி மாவட்டத்துக்கு நிகரான தகுதியையும் நோர்ட்லிங்கன் இழந்தது. புதிதாக அமைந்த மாவட்டத்தின் தலைமையகம் டோனாவுவொர்த் நகருக்குப் போனது. பதிலுக்குச் சுற்றியிருந்த பத்துக் கிராமங்கள் நோர்ட்லிங்கனோடு சேர்ந்தன. வண்டிப் பதிவெண்ணில் இருந்த ஊரின் பழைய எழுத்துகளும் போய்விட்டன. 2013-ல் விதி தளர்ந்ததும் அந்த எழுத்துகள் திரும்பி வந்தன. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம். ஒரு காலத்தில் தனி அரசாக இருந்த ஊருக்கு அது அப்படியில்லை.

யார் குடிமகன் என்ற பழைய கேள்விக்கு இன்று வேறு விடை இருக்கிறது, ஆனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. நகரமன்றத் தேர்தலில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடிமக்கள், ருமேனியரோ இத்தாலியரோ, ஜெர்மன் குடியுரிமை இல்லாமலேயே வாக்களிக்கலாம். மன்ற உறுப்பினராகவும் ஆகலாம். துருக்கியிலிருந்தோ சிரியாவிலிருந்தோ வந்தவர்களுக்கு, எத்தனை ஆண்டு அங்கே வாழ்ந்து வரி கட்டினாலும், அந்த உரிமை இல்லை. நம் ஊர்களிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் பொறியாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் இதே நிலைதான். அவர்கள் ஜெர்மன் குடியுரிமை பெற்றாக வேண்டும். அதற்கான காத்திருப்பு 2024 ஜூனில் எட்டு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தது.